காஜா எடுக்காத பை

அன்புள்ள தம்பிக்கு,

முகாமுக்குச் சாப்பாட்டுச் சாமான் எடுத்துப்போக நீ கேட்ட துணிப் பைகளைத் தைத்து முடித்துவிட்டேன். "அம்மாவுக்கு நேரம் இருந்தால் தைத்துத் தரச் சொல்" என்று அக்காவிடம் சொன்னாயாம். எனக்கு நேரத்துக்கு என்ன குறை? என்னிடமே கேட்டிருக்கலாம். சரி, அது போகட்டும்.

அமெரிக்க உள்நாட்டுப் போரை நடித்துக் காட்டும் உங்கள் முகாமிலிருந்து நீ அனுப்பிய படத்தை அக்கா காட்டினாள். நீலச் சட்டையும் தொப்பியும் உனக்கு நன்றாகவே பொருந்தியிருக்கின்றன. ஆனால் தோளில் தொங்கும் ஹேவர்சாக்கின், அதுதான் அந்தச் சிப்பாய்களின் சாப்பாட்டுப் பையின், மூடி கொஞ்சம் திறந்து, உள்ளே பிளாஸ்டிக் உறை பளபளக்கிறது. 1863இல் கெட்டிஸ்பர்க்கில் நின்ற சிப்பாயின் பைக்குள் அது எப்படி வந்தது? பாலித்தீனைக் கண்டுபிடித்ததே 1933இல்தான். சின்ன வயதில் ஒரு தையல் கோணினால்கூடப் பிரித்துவிட்டு மறுபடி தைக்கச் சொல்வாய். அந்தப் பிள்ளையா இதை இப்படி விட்டான் என்று இரண்டு நாள் யோசித்துக்கொண்டே இருந்தேன். முகமும் வாடியிருந்தது. நேரத்துக்குச் சாப்பிடு.

துணி காடா. வெளுக்காதது, சாயம் போடாதது. பருத்தி என்று சொன்னதை அப்படியே நம்பாமல் ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டினேன். காகிதம் எரிகிற வாசனை வந்தது, சாம்பல் பொடியாக உதிர்ந்தது. பாலியெஸ்டர் கலந்திருந்தால் உருகி, கெட்டியான மணியாகத் திரண்டிருக்கும். தையல் நூலையும் அப்படித்தான் பார்த்தேன். நீங்கள் நெருப்பை ஒட்டி உட்காருகிறவர்கள். உருகின துணி தோலில் ஒட்டினால் லேசில் எடுக்க முடியாது. உன் சட்டை, போர்வை எல்லாவற்றிலும் ஓர் இழை உருவிச் சோதித்துப் பார்.

மிஷினில்தான் தைத்தேன், அதில் தப்பு இல்லை. சிங்கர் தன் மிஷினுக்குக் காப்புரிமை வாங்கியது 1851இல், போர் தொடங்கியது 1861இல். ஆனால் ஓவர்லாக் அடிக்கவில்லை, அது போருக்குப் பிறகு வந்தது. ஓரத்தை உள்ளே மடித்து இரண்டு தையல் போட்டிருக்கிறேன். வாயைச் சுருக்க நாடாதான்.

பை அளவைக் கணக்குப் போட்டு வைத்தேன். அந்தப் போரில் வடக்கு ராணுவம் 100 பேருக்கு ஒரு நாளைக்கு 8 பவுண்டு வறுத்த காப்பிக் கொட்டையும் 15 பவுண்டு சர்க்கரையும் கொடுத்திருக்கிறது. அப்படியென்றால் ஓர் ஆளுக்கு மூன்று நாளைக்குக் காப்பி 110 கிராம், சர்க்கரை 200 கிராம். கைக்கு அடக்கமான பைகள் போதும். இரண்டையும் ஒரே பையில் கலந்து வைத்துக்கொண்டவர்களும் நிறையப் பேர் உண்டாம். நீயும் அப்படிச் செய்யலாம், ஈரம் மட்டும் படாமல் பார்த்துக்கொள். உப்புக்கு ஒன்று, பீன்ஸுக்கு ஒன்று தனியாக இருக்கிறது. ஹார்ட்டாக்குக்குப் பை தைக்கவில்லை. அந்தப் பிஸ்கட்டை ஹேவர்சாக்கின் உள்பையிலேயே போட்டுக்கொண்டார்கள். நாளைக்கு 9, 10 என்றால் மூன்று நாளைக்கு 30 வரும். பாதிப் பை அதிலேயே நிறைந்துவிடும்.

எத்தனை பேருக்கு என்று நீ சொல்லி அனுப்பவில்லை. இரண்டு வருஷத்துக்கு முந்திய படத்தில் மருமகள் அந்தக் காலத்து நீளப் பாவாடையில் உன் பக்கத்தில் நிற்கிறாள், பாப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அதை வைத்து மூன்று பேருக்கும் தைத்துவிட்டேன். பாப்பாவுடையவை சின்னவை. அவள் விரலுக்கு இழுக்க வசதியாக அகல நாடா கோத்திருக்கிறேன். அதிகப்படியாகத் தெரிந்தால் பத்திரமாக எடுத்து வை. காடா கெட்டுப்போகாது.

காகிதத்தில் பொட்டலம் கட்டுவதாக இருந்தால் பழுப்புக் காகிதத்தை மடித்து நூலால் கட்டு. தட்டையான அடி வைத்துத் தானாக நிற்குமே, அந்தக் காகிதப் பை கூடவே கூடாது. அதைச் செய்யும் இயந்திரத்துக்கு மார்கரெட் நைட் என்ற பெண் காப்புரிமை வாங்கியது 1871இல். உங்கள் போர் 1865இலேயே முடிந்துவிட்டது. ஒரு பெண் அந்தக் காலத்தில் யோசித்துச் செய்திருக்கிறாள் என்று படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நெளிநெளியான அட்டைப் பெட்டியில் சாமான் கட்டி அனுப்புவதும் 1871க்குப் பிறகுதான். அலுமினியத் தாள் 1910 வாக்கில் வந்தது, செல்லோபேனும் அதே சமயம்தான். தகர டப்பா வைத்துக்கொள்ளலாம், அது 1810லிருந்து இருக்கிறது. ஆனால் இப்போதைய டப்பாவின் விளிம்பு மடிப்பு வேறு. அந்த நாளில் ஈயப் பற்றுவைத்து மூடினார்கள். மாதிரிக்குச் செய்த டப்பா என்றால் எதை வைத்துப் பற்றவைத்தார்கள் என்று கேட்காமல் அதில் சாப்பாடு வைக்காதே.

இறைச்சி விஷயத்தில் மட்டும் காலத்தைப் பார்க்காதே. அவர்கள் உப்பில் ஊறிக் கெட்டிப்பட்ட பன்றி இறைச்சியைத் துணியில் சுற்றி வைத்தார்கள். இன்றைக்குக் கிடைக்கிற பேக்கன் அந்த அளவு உப்புப் போட்டது இல்லை, குளிர்பெட்டிக்கு வெளியே தாங்காது. ஜூலை வெயிலில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. ஐஸ் வைத்து மூடிய டப்பாவில் போட்டு, அதன்மேல் நான் தைத்த துணியைச் சுற்று. பார்க்கிறவர்களுக்குத் துணிதான் தெரியும். அந்த ஓர் இடத்தில் யாராவது குறை சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, கெட்டதைச் சாப்பிடாதே.

ஹேவர்சாக்குக்கு நீயே மறுபடி கறுப்புப் பூசப்போகிறாய் என்று அக்கா சொன்னாள். ஆளிவிதை எண்ணெயும் விளக்குக் கரியும்தானே? மெல்லிசாகப் பூசி, ஒரு பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்தது பூசு. பல வாரம் ஆனாலும் ஆகட்டும். சாப்பாடு அந்தப் பூச்சில் நேராகப் படக் கூடாது, அதற்குத்தான் உள்பை. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதே. காற்றுப் பட்டு அந்த எண்ணெய் காயும்போது சூடு உண்டாகிறது. சுருட்டின துணிக்குள் அந்தச் சூடு வெளியே போக வழி இல்லாமல் ஏறிக்கொண்டே போய், தானாகவே தீப்பிடிக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. விரித்து வெளியில் காயப் போடு. இல்லையென்றால் தண்ணீரில் முக்கித் தகர டப்பாவில் போட்டு மூடு. நீ தனியாக இருக்கும் வீட்டில்

தனியாக என்று எழுதிவிட்டேன். அடிக்கவில்லை, இருக்கட்டும்.

போன பிப்ரவரியில் ஒரு ராத்திரி ஃபோன் செய்தாயே, "அம்மா, நான் கொஞ்ச நாள் அங்கே வந்து இருக்கட்டுமா?" என்று கேட்டாய். நான் "ஏன்டா, லீவு கிடைச்சுதா? டிக்கெட் என்ன விலை விக்குது?" என்றேன். "சும்மாதான் கேட்டேன்" என்றாய். நான் உடனே அக்கா வீட்டுக் கதைக்குப் போய்விட்டேன். எனக்குப் புரியாமல் இல்லை தம்பி. முதல் வார்த்தையிலேயே உன் குரல் சரியில்லை என்று தெரிந்தது. கேட்டால் நீ சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன். சொல்லிவிட்டால் அப்பாவிடம் என்ன சொல்வது, மற்றவர்கள் கேட்டால் என்ன சொல்வது என்று என் மனசு அந்தப் பக்கம் ஓடியது. உன் பக்கம் வரவில்லை. ஃபோனை வைத்த பிறகு "வாடா" என்று திரும்பக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று படுத்துவிட்டேன். மறுநாளும் சொல்லவில்லை. அதற்கப்புறம் நீ என்னை விட்டுவிட்டு அக்காவிடம் பேச ஆரம்பித்தாய். அப்பாவிடம் நேற்றுத்தான் இதைச் சொன்னேன். அவர் ஒன்றும் கோபிக்கவில்லை. "அன்னைக்கே ஏன் என்கிட்ட சொல்லல?" என்று மட்டும் கேட்டார். எழுந்து போய் உன் அறை ஜன்னலைத் திறந்து வைத்தார்.

சின்னப் பைகளை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். உள்பையை அனுப்பவில்லை. தைத்தாயிற்று, காஜா மட்டும் பாக்கி. உன் ஹேவர்சாக்கின் உள்ளே மூன்று பொத்தான் இருக்கும். அவை ஒவ்வொன்றுக்கும் நடுவே எத்தனை அங்குலம், மேல் விளிம்பிலிருந்து எத்தனை அங்குலம் என்று அளந்து சொல். அக்காவிடம் சொல்லி அனுப்பாதே, அவள் மாற்றிச் சொல்லிவிடுவாள். எனக்கே ஃபோன் செய். அங்கே பகலா, இங்கே ராத்திரியா என்று பார்க்காதே. ஃபோனைத் தலைமாட்டிலேயே வைத்திருக்கிறேன்.

அந்த எண்ணெய்த் துணியை மறக்காதே.

அம்மா