லேப்டாப் சூடு: எப்போது கவலைப்பட வேண்டும்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். “பிராசசர் 95 டிகிரி காட்டுகிறதே, எரிந்துவிடுமா?” என்று கோடை வந்தால் பலரும் கேட்கிறீர்கள். எரியாது. இன்டெல் கோர் ஐ5 1235யூ-வின் வரம்பு 100 டிகிரி. ஏஎம்டி ரைசன் 5 5500யூ-வின் வரம்பு 105. அதைத் தொட்டதும் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் அடங்காவிட்டால் லேப்டாப் அணைந்துவிடும். மெல்லிய லேப்டாப்பில் கனமான வேலை ஓடும்போது 90-ஐத் தாண்டுவது சகஜம். அந்தச் சூட்டில் வேகம் நிலைத்து நிற்கிறதா, விழுகிறதா என்பதுதான் கேள்வி.

பிராசசரின் சூட்டை விண்டோஸ் டாஸ்க் மேனேஜர் காட்டாது. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ‘சென்சார்ஸ் ஒன்லி’ என்பதைத் தேர்ந்தெடுத்து, இன்டெல் என்றால் ‘சிபியூ பேக்கேஜ்’ வரியையும், ஏஎம்டி என்றால் ‘சிபியூ (Tctl/Tdie)’ வரியையும் பாருங்கள். மெத்தையில் வைக்காமல் மேசைமேல் வைத்து, சார்ஜரை மாட்டி, பத்து நிமிடம் சும்மா விடுங்கள். 40 முதல் 55 வரை இருந்தால் நல்லது. பிறகு, பிராசசருக்கு முழு வேலை கொடுத்துப் பார்க்கும் சினிபெஞ்ச் ஆர்23 என்ற மென்பொருளின் பத்து நிமிடச் சோதனையை ஓட்டி, முதல் நிமிடத்தின் வேகத்தையும் கடைசி நிமிடத்தின் வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அறை 10 டிகிரி கூடினால் பிராசசரும் ஏறக்குறைய அதே அளவு கூடும். ஏசி அறையில் எடுத்த அளவை மொட்டை வெயில் மதியத்தோடு ஒப்பிட வேண்டாம்.

தொடக்கத்தில் உச்ச வேகத்தில் ஓடிவிட்டுச் சற்று நேரத்தில் இறங்குவது கோளாறல்ல. மின் அளவுக்கு வைத்த கட்டுப்பாடு அது. எச்டபிள்யூஇன்ஃபோவில் ‘தெர்மல் த்ராட்லிங்’ (சூட்டால் வேகத்தைக் குறைப்பது) வரியில் ‘யெஸ்’ விடாமல் நின்று, வேகம் டாஸ்க் மேனேஜர் காட்டும் பேஸ் ஸ்பீடுக்கும் (அடிப்படை வேகம்) கீழே போனால்தான் கையில் எடுக்க வேண்டிய சிக்கல்.

அடுத்தது, எங்கே பழுது என்பது. சோதனை தொடங்கிய ஓரிரு நொடியில் 100-க்குத் தாவி, நிறுத்தியதும் அதே வேகத்தில் 60-க்கு இறங்குகிறதா? வெளியேறும் காற்றும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறதா? சிப்பின் சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகப் பகுதியான ஹீட்சிங்குக்கே சூடு போய்ச் சேரவில்லை: இரண்டுக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது ஹீட்சிங்க் சரியாக அமரவில்லை. சில நிமிடங்களில் மெல்ல ஏறி, நிறுத்திய பிறகும் இறங்க நேரமெடுத்து, காற்று கொதிப்பாகவும் மெலிந்தும் வந்தால் ஃபேனுக்கும் ஹீட்சிங்கின் தகடுகளுக்கும் நடுவே பஞ்சுபோலத் தூசி அடைத்திருக்கிறது. வெளியிலிருந்து ஊதினால் அது திரும்ப ஃபேனுக்குள்ளேயே போகும். பின்மூடியைக் கழற்றி, பேட்டரி கனெக்டரை விடுவித்து, ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டுதான் ஊத வேண்டும்.

பேஸ்டை ஆண்டுதோறும் மாற்றச் சொல்லுவோரை நம்பாதீர்கள். மேலே சொன்னதுபோல ஓரிரு நொடியில் 100-க்குத் தாவும் அறிகுறி இருந்தால் மட்டும் மாற்றினால் போதும். பழையதை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, சிப் முழுவதும் மெல்லிய படலமாகப் பூசி, ஹீட்சிங்கில் பொறித்துள்ள எண் வரிசைப்படி திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு மறுபக்கம் வந்தால் ஹீட்சிங்க் சாய்ந்து நிற்கும். சில கேமிங் லேப்டாப்களில் பேஸ்டுக்குப் பதில் திரவ உலோகம் இருக்கும். மின்சாரம் கடத்தும் பொருள் அது; ஒரு துளி சிந்தினாலும் போர்டு போய்விடும். அவற்றை வீட்டில் திறக்கவே வேண்டாம்.

அவசரத்துக்கு ஒரு வழி: விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் பிராசசரின் மேக்சிமம் ஸ்டேட்டை 100-லிருந்து 99 சதவீதமாக்கினால், பெரும்பாலான லேப்டாப்களில் டர்போ (அடிப்படை வேகத்துக்கு மேல் ஓடுவது) நின்று சூடு நன்றாகக் குறையும். வேகமும் குறையும்.

சூடு 50 டிகிரிதான், ஆனால் வேகம் 0.4 அல்லது 0.8 கிகாஹெர்ட்ஸிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் பேஸ்ட், தூசி எதையும் தொடாதீர்கள். குறைந்த வாட் சார்ஜரோ, லேப்டாப் அடையாளம் காணாத சார்ஜரோ பல நேரம் அப்படிச் செய்யும். சரிபார்க்க வரும்போது சார்ஜரையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
சர்வீஸ் பிரிவு