கேட்டைச் சரிசெய்யுங்கள், பிறகு புதுப்பாதை பேசலாம்

இங்கிலாந்தின் கவுண்டி கவுன்சில்களில் பொதுவழிப் பிரிவைக் கவனிக்கும் அலுவலர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் பொதுவழிகளில் குதிரையில் போக உரிமை உள்ளவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். அதிலும் பல வரைபடத்தில் மட்டும் திறந்திருக்கின்றன. இருக்கும் பிரைடில்வேக்களில், அதாவது குதிரையில் போக உரிமை உள்ள பாதைகளில், சேணத்தை விட்டு இறங்காமல் போய்வர வேண்டும், அவ்வளவே எங்கள் கோரிக்கை.

பெரிய தொல்லை கேட்தான். பிரைடில்வே கேட் 5 அடிக்கு, அதாவது 1.525 மீட்டருக்குக் குறைந்தால் அகலப்படுத்தச் சொல்லி கேட்டின் உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்ப, 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 145ஆம் பிரிவு உங்களுக்கு அதிகாரம் தருகிறது. தூண்களுக்கு இடையே 5 அடி இருந்தும், கீல் தொய்ந்து கேட் தரையில் உரசினால் பாதிதான் திறக்கும். தானே சாத்திக்கொள்ளும் ஸ்பிரிங் கேட் இன்னும் மோசம். ஸ்பிரிங் முறுக்கு அதிகமானால், குதிரை பாதி நுழைவதற்குள் கேட் திரும்பிவந்து பின்தொடையில் அறையும். கால் வைக்கும் அங்கவடி தாழ்ப்பாளில் மாட்டும். ஒருமுறை அடிபட்ட குதிரை அடுத்த தடவை கேட் பக்கமே வராது. முறுக்கைத் தளர்த்துங்கள், ஆனால் தாழ்ப்பாள் தானாக விழுகிறதா என்றும் பாருங்கள். விழாவிட்டால் மாடு வெளியேறும், விவசாயி கயிறு போட்டுக் கட்டிவிடுவார். ‘இறங்கி அவிழ்த்தால் என்ன?’ என்பவர்கள், ஏறுதிண்டு இல்லாத வயல்வெளியில் உயரமான குதிரைமேல் திரும்ப ஏறிப் பார்க்கட்டும். தாழ்ப்பாளின் கைப்பிடி மேலே நீண்டு, குதிரைமேல் இருப்பவர் கைக்கு எட்ட வேண்டும். குதிரையைக் கேட்டுக்கு இணையாக நிறுத்தித் திறந்து, நுழைந்து, திருப்பிச் சாத்த இருபுறமும் சுமார் 4 மீட்டர் கெட்டித்தரை தேவை. அந்த இடத்தில்தான் தண்ணீர்த் தொட்டியும் சேறும் இருக்கின்றன.

அடுத்தது உழவு. வயல் ஓரமாகப் போகும் பிரைடில்வேயை உழவே கூடாது. வயலுக்குக் குறுக்கே போவதை உழலாம். விதைப்புக்கான முதல் உழவிலிருந்து 14 நாளில், பிந்தைய வேலை என்றால் 24 மணி நேரத்தில், பாதையைப் பழையபடி ஆக்க வேண்டும். அகலம் பதிவில் இல்லையென்றால் குறைந்தது 2 மீட்டர். பொலபொலத்த மண்ணில் குளம்பு புதைந்தால் காலின் தசைநாண் பிசகும். டிராக்டரை இரண்டு நடை ஓட்டி அமுக்கினாலே போதும். ஆய்வுக்கு விதைப்பு முடிந்த அக்டோபரில் போங்கள். மே மாதத்தில் இன்னொரு முறை போனால் எண்ணெய்க் கடுகு ஆளுயரம் வளர்ந்து பாதைமேல் சாய்ந்திருப்பதும் தெரியும்.

பூட்டிய கேட் பற்றி அதே சட்டத்தின் 130ஏ பிரிவின்படி அறிவிப்புக் கொடுத்தால், என்ன செய்யப்போகிறீர்கள் என்று ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். ‘பதிவு செய்துகொண்டோம்’ என்பது பதில் அல்ல.

புதிய கேட் பொருத்தினால், ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுப்பதற்கு முன் குதிரையோடு ஒருமுறை சோதித்துவிடுங்கள். குதிரையை நாங்கள் கொண்டுவருகிறோம்.

இங்ஙனம்,
பிரைடில்வேக்களைப் பயன்படுத்தும் குதிரையோட்டிகள்