படத்தின் பெயர் மட்டும் போதாது, பதிப்பையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த உலக சினிமா தரவரிசைப் பட்டியலை மனமார வரவேற்கிறேன். ஓஸு, தார்க்கோவ்ஸ்கி போன்ற இயக்குநர்களுக்கு ஒரு தமிழ் நாளிதழ் இரண்டு முழுப் பக்கம் ஒதுக்குவது அரிது. ஆனால் பெயர், இயக்குநர், ஆண்டு, ஒரு வரி அறிமுகம் என்பதோடு நிறுத்திவிட்டீர்கள். “டிவிடியிலோ புளூரேயிலோ வாங்கிப் பார்க்கலாம்” என்ற கடைசி வரியை நம்பித் தேடும் வாசகருக்கு ஒரே பெயரில் நான்கைந்து டிஸ்க்குகள் அகப்படும். அவற்றில் சில, இயக்குநர் எடுத்து முடித்த படமாகவே இருக்காது. அடுத்த பட்டியலில் படத்தோடு பதிப்பையும் தரவரிசைப்படுத்தி அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்தக் கடிதம்.

முதலில் பார்க்க வேண்டியது ஓடும் நேரம். விஸ்கோந்தியின் ‘தி லெப்பர்ட்’ இத்தாலியில் 185 நிமிடம்; ஆங்கிலத்தில் டப் செய்து அமெரிக்காவில் ஓடியது 161 நிமிடம். பெர்க்மனின் ‘ஃபேனி அண்ட் அலெக்ஸாண்டர்’ தொலைக்காட்சிக்காக 312 நிமிடம், திரையரங்குக்காக 188 நிமிடம். ‘மெட்ரோபொலிஸ்’ படத்தின் தொலைந்த காட்சிகள் அடங்கிய 16 எம்எம் பிரதி 2008ல் புவெனஸ் அயர்ஸில் கிடைத்தது. அதிலிருந்து சுமார் 25 நிமிடம் சேர்த்து 2010ல் படம் மீண்டும் வெளியானது. எனவே அதற்கு முந்தைய டிஸ்க் எதுவானாலும் குறைப் படம்தான். நீளமானதே சிறந்தது என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ‘ஆந்த்ரேய் ரூப்லேவ்’ 205 நிமிடத்திலும் 183 நிமிடத்திலும் கிடைக்கிறது. தார்க்கோவ்ஸ்கி விரும்பியது 183 நிமிடப் பதிப்பை.

நேரம் குறைந்தாலே வெட்டு என்று முடிவுகட்டுவதும் தவறு. ஐரோப்பிய, ஆஸ்திரேலிய டிவிடிகள் ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் வந்தவை. சினிமா நொடிக்கு 24 பிரேம், பால் நொடிக்கு 25. படத்தை அப்படியே 25ல் ஓட்டிப் பதிந்துவிடுவார்கள். படம் 4 சதவீதம் வேகமாக ஓடும். ஒலியைத் திருத்தாவிட்டால் குரலும் இசையும் அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். 136 நிமிட ‘டோக்கியோ ஸ்டோரி’ பால் டிவிடியில் 130 நிமிடச் சொச்சத்திலேயே முடிந்துவிடும், ஒரு ஷாட் கூடக் குறைந்திருக்காது. அட்டையில் உள்ள நேரத்தை 25ஆல் பெருக்கி 24ஆல் வகுத்துப் பாருங்கள். விடை திரையரங்க நேரத்தோடு பொருந்தினால் அது வேகம், பொருந்தாவிட்டால் வெட்டு. புளூரே நொடிக்கு 24 பிரேமையே தாங்குவதால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை; பழைய தொலைக்காட்சி மாஸ்டரிலிருந்து 50 ஹெர்ட்ஸில் எடுத்துப் போட்ட புளூரேக்கள்தான் விதிவிலக்கு. மௌனப் படங்களுக்கு நிலையான வேகமே கிடையாது. டிரையரின் ‘தி பேஷன் ஆஃப் ஜோன் ஆஃப் ஆர்க்’ (1928) 24 பிரேமில் 81 நிமிடம், 20 பிரேமில் 97 நிமிடம். இரண்டையும் ஒரே டிஸ்க்கில் தரும், அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனப் புளூரேயை (2018) வாங்குவதே நியாயம்.

அடுத்தது சட்டகம், அதாவது படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம். ஃபிரிட்ஸ் லாங்கின் ‘எம்’ (1931) ஆரம்பகாலப் பேசும் படங்களின் 1.19:1 அளவில் எடுக்கப்பட்டது. அதை 1.33க்குள் அடைத்தால் மேலும் கீழும் அறுபடும். 1.37:1 படத்தை அகலத் திரை டிவியில் ‘ஜூம்’ செய்து நிரப்பினால் உயரத்தில் கிட்டத்தட்ட கால்வாசி போய்விடும். தரையோடு தரையாகக் கேமராவை வைத்துக் கூரை வரை அளந்து சட்டகம் அமைத்த ஓஸுவின் படத்தில் இதைவிடப் பெரிய சேதம் இருக்க முடியாது. இருபுறமும் கறுப்புப் பட்டை இருந்தால்தான் அது சரியான படம். படத்தின் ஓரங்களை டிவியே வெட்டிக்காட்டும் ஓவர்ஸ்கேனை நிறுத்துங்கள். ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஸ்கிரீன் ஃபிட்’, ‘ஃபுல் பிக்சல்’ என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் அந்த வசதி இருக்கும். அசைவை வழவழப்பாக்கும் ‘ட்ரூமோஷன்’, ‘மோஷன்ஃப்ளோ’ போன்றவற்றையும் அணைத்துவிட வேண்டும். இவை இயங்கிக்கொண்டிருக்கும்போது எந்த டிஸ்க்குக்கும் மதிப்பெண் போடுவதில் பொருளில்லை.

இனி மூலப் பிரதி. தரவரிசையில் மிகுந்த எடை பெற வேண்டியது இதுதான், அட்டையில் மிகக் குறைவாகச் சொல்லப்படுவதும் இதுதான். சத்யஜித் ரேயின் ‘அபு’ மூன்று பட வரிசையின் அசல் நெகட்டிவ்கள் 1993ல் லண்டன் ஹெண்டர்சன் லேபில் நடந்த தீவிபத்தில் கருகின. எரிந்து சேதமான அந்தச் சுருள்களை அமெரிக்காவின் அகாடமி திரைப்படக் காப்பகம் எறியாமல் வைத்திருந்தது. இருபது ஆண்டு கழித்து இத்தாலியின் போலோன்யாவில் உள்ள லிம்மாஜினே ரித்ரோவாட்டா லேபில் அவற்றுக்கு ஈரப்பதம் ஏற்றி, உருகிய ஒட்டுநாடாவையும் பசையையும் அகற்றி, ஓரத் துளைகளைக் கையால் கட்டியெழுப்பினார்கள். துளைகளுக்கும் ஓரங்களுக்கும் மட்டும் கிட்டத்தட்ட 1,000 மணி நேரம் பிடித்தது. அப்படியும் ‘பதேர் பாஞ்சாலி’யில் சுமார் 40 சதவீதமும் ‘அபராஜிதோ’வில் 60 சதவீதத்துக்கு மேலும்தான் அசல் நெகட்டிவிலிருந்து கிடைத்தன. ‘அபுர் சன்சார்’ படத்தின் மிஞ்சிய சுருள்கள் பயன்படவே இல்லை, வேறு காப்பகங்களில் இருந்த அடுத்த தலைமுறைப் பிரதிகளைக் கொண்டு அதை முடித்தார்கள். 2015ல் வந்த அந்தப் புளூரேயில் ஒரே படத்துக்குள் கூர்மை ஏறி இறங்கினாலும், மூன்றாம் படம் சற்று மென்மையாகத் தெரிந்தாலும் காரணம் இதுதான். இது தெரியாமல் டிஸ்க்குக்கு மதிப்பெண் குறைப்பவர், உலக சினிமாவின் மகத்தான மீட்புப் பணிகளில் ஒன்றைக் குறை சொல்கிறார்.

புதிது எப்போதும் மேல் என்ற நம்பிக்கைக்கும் அணை போட வேண்டும். வோங் கார்-வாய் தம் படங்களை மறுசீரமைத்து 2021ல் பெட்டியாக வெளியிட்டபோது நிறத்தை மாற்றினார். ‘ஃபாலன் ஏஞ்சல்ஸ்’ படத்தின் சட்டகத்தையே 1.85லிருந்து 2.39 ஆக்கினார். படைப்பாளியின் உரிமை அது. ஆனால் 1995ல் திரையில் ஓடிய படத்தைப் பார்க்க விரும்புகிறவருக்குப் பழைய டிஸ்க்தான் கதி. இப்படிப்பட்ட படத்துக்குப் பட்டியலில் இரண்டு பதிப்பையும் தனித்தனியே குறிப்பிட வேண்டும்.

அட்டையில் உள்ள சொற்களிலும் எச்சரிக்கை தேவை. புளூரே அட்டையில் ‘4கே ரீஸ்டோரேஷன்’ என்றிருந்தால் 4கே என்ற உயர் தெளிவில் சீரமைத்தார்கள் என்று பொருள். டிஸ்க்கில் இருப்பது 1080 வரிதான். கிரைட்டீரியன் பெட்டியின் முதுகில் உள்ள எண்ணும் வெளியீட்டு வரிசையே தவிரத் தரவரிசை அல்ல. 1 என்ற எண்ணைத் தாங்கிய ‘கிராண்ட் இல்யூஷன்’ டிவிடி, உரிமை கைமாறியதால் 2010 வாக்கில் அச்சிலிருந்து நின்றது. அச்சில் இல்லை என்பதற்காகவே அத்தகைய டிஸ்க்குகளுக்குப் பெரும் விலை சொல்கிறார்கள். அதே படத்தை அசல் நெகட்டிவிலிருந்து சீரமைத்து 2012ல் ‘ஸ்டுடியோகனால்’ நிறுவனம் புளூரேயாகக் கொண்டுவந்துவிட்டது. அரிது வேறு, தரம் வேறு.

மதிப்பெண் போட நான் பரிந்துரைக்கும் முறை இது. பதிப்பு, வேகம், சட்டகம் மூன்றையும் தகுதித் தேர்வாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் தவறினாலும் டிஸ்க் பட்டியலுக்குள் வரக் கூடாது. தேறியவற்றுக்கு மூலப் பிரதியும் சீரமைப்பும் 40, டிஸ்க்கில் படத்தைச் சுருக்கிப் பதிந்த விதம் 20, ஒலி 15, சப்டைட்டில் 15, இணைப்புகள் (நேர்காணல், ஆவணப் படம் போன்றவை) 10. ஒப்பிடும்போது நினைவை நம்ப வேண்டாம். ஒரே பிரேமில் நிறுத்தி, ஒரு இருட்டுக் காட்சி, ஒரு முக நெருக்கம், நுணுக்கமான அசைவு நிறைந்த ஒரு காட்சி என மூன்றை மட்டும் பாருங்கள். ‘பதேர் பாஞ்சாலி’யின் நாணல்பூக் காடும் ‘செவன் சாமுராய்’ படத்தின் மழைச் சண்டையும் மூன்றாவது சோதனைக்கு மிகப் பொருத்தம். சுருக்கம் அதிகமானால் அங்கேதான் படம் கட்டம் கட்டமாக உடையும். முகம் மெழுகு பூசியதுபோல் இருந்தால் ஃபிலிமுக்கே உரிய நுண்துகள் தோற்றத்தை, அதாவது கிரெய்னை, வழித்தெடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். உருவங்களின் விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடு ஓடினால் செயற்கையாகக் கூர்மை ஏற்றியிருக்கிறார்கள். கிரெய்ன் தெரிவது குறையல்ல, அதுதான் ஃபிலிம்.

ஒலியில், மோனோவாக (ஒற்றைத் தட ஒலியில்) எடுத்த படத்துக்கு மோனோ டிராக் இருந்தே ஆக வேண்டும், பல ஸ்பீக்கர்களுக்கான 5.1 மட்டும் இருந்தால் பாதி மதிப்பெண். சப்டைட்டிலில், ஆங்கில டப்பிங் வசனத்தை அப்படியே எழுத்தாக்கிப் போடும் வழக்கம் உண்டு. நடிகர் ஒரு சொல் பேச, கீழே இரண்டு வரி ஓடினால் சந்தேகப்படுங்கள். கடிதம், பெயர்ப்பலகை, பாடல் ஆகியவற்றுக்கு மொழிபெயர்ப்பு உண்டா என்றும் பாருங்கள்.

வாசகர்களின் பணம் அதிகம் வீணாவது ரீஜன் குளறுபடியில், அதாவது டிஸ்க் எந்த நாட்டு பிளேயரில் ஓடும் என்ற பூட்டில். இந்தியாவும் இலங்கையும் டிவிடிக்கு 5, புளூரேக்கு சி. சிங்கப்பூர், மலேசியாவுக்கு 3, ஏ. பிரிட்டனுக்கு 2, பி. அமெரிக்கா, கனடாவுக்கு 1, ஏ. டிவிடி பிளேயர்கள் பலவற்றை ரிமோட் குறியீட்டால் எல்லா ரீஜனுக்கும் திறந்துவிடலாம். புளூரே பிளேயருக்குப் பெரும்பாலும் அதற்கென மாற்றியமைத்த இயந்திரமே வேண்டும். கணினி டிரைவில் டிவிடி ரீஜனை ஐந்து முறைதான் மாற்ற முடியும், பிறகு கடைசியாக வைத்ததிலேயே பூட்டிக்கொள்ளும். புளூரேயைவிடத் தெளிவு கூடிய 4கே யுஎச்டி டிஸ்க்குக்கு ரீஜன் கிடையாது என்பது உண்மை. ஆனால் அதே பெட்டியில் உள்ள புளூரேக்கு உண்டு. நேர்காணல்களும் ஆவணப் படங்களும் பெரும்பாலும் அந்தப் புளூரேயில்தான் இருக்கும். சென்னையில் படம் ஓடும், இணைப்புகள் ஓடாது.

பழைய டிஸ்க் வாங்குகிறவர்கள் அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஊதாச் சாயல் தெரிந்தால் அது வீட்டில் எழுதிய நகல். மூன்று மணி நேரப் படம் 4.3 ஜிபிக்குள் இருந்தால் மறுபடி சுருக்கியது. இரட்டை அடுக்கு டிவிடியைத் தொடக்கத்தில் பத்து நிமிடம் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்காதீர்கள். முதல் அடுக்கு உள்ளிருந்து வெளியே ஓடி, வெளி விளிம்பில் அடுக்கு மாறி, மீண்டும் உள்நோக்கி வரும். அடுக்குகளை ஒட்டும் பசை விளிம்பில் கெடும்போது படம் நடுவில்தான் உறையும். ஆகவே படத்தின் நடுப்பகுதியையும் அதற்குப் பிந்தைய கால் மணி நேரத்தையும் ஓட்டிப் பாருங்கள். 2006 முதல் 2008 வரை தயாரான தம் டிவிடிகளில் இப்படிக் கெடுபவை உண்டு என்று வார்னர் நிறுவனமே 2025ல் ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டுகளின் டிஸ்க்குகள் உங்களிடம் இருந்தால் இப்போதே சோதித்துவிடுங்கள்.

நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் அட்டைப் பெட்டிகள் பூஞ்சை பிடிக்கும், அட்டை உறைக்குள் டிஸ்க் உரசும். பாலிபுரொப்பிலின் உறையில் போட்டு, நிமிர்த்தி, மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். பிவிசி உறை வேண்டாம். துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்து விழும் கீறல் தகவல் தடத்தோடு ஓடுவதால் பிளேயரால் பிழையைத் திருத்திக்கொள்ள முடியாது. பற்பசை போட்டுத் தேய்ப்பது புளூரேக்கு எமன். அதன் தகவல் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது.

நீங்கள் மேற்கோள் காட்டிய, ‘சைட் அண்ட் சவுண்ட்’ என்ற பிரிட்டிஷ் சினிமா இதழின் வாக்கெடுப்பைப் பற்றியும் ஒன்று. 2022ல் 1,639 பேர் ஆளுக்குப் பத்துப் படம் சொன்னார்கள். ஒருவர் முதலில் எழுதிய படத்துக்கும் பத்தாவதாக எழுதிய படத்துக்கும் ஒரே ஒரு வாக்குதான். 1975ல் வந்த ‘ஜான் டீல்மன்’ முதலிடம் பிடித்ததற்கு, 2009க்குப் பிறகு அது டிவிடியில் எளிதாகக் கிடைத்ததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பார்க்கக் கிடைக்காத படத்துக்கு யாரும் வாக்களிக்க முடியாது.

அந்த வகையில் உங்கள் பட்டியலில் விடுபட்ட ஒன்று எனக்கு வருத்தம் தருகிறது. நடனக் கலைஞர் உதய் சங்கரின் ‘கல்பனா’ (1948) சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் எடுக்கப்பட்டது. 2012ல் சீரமைக்கப்பட்ட அந்தப் படம் 2022ல் கிரைட்டீரியனின் ‘மார்ட்டின் ஸ்கோர்சேஸி வேர்ல்ட் சினிமா ப்ராஜெக்ட்’ நான்காம் பெட்டியில் மற்ற ஐந்து படங்களோடு வந்துவிட்டது. அடுத்த பட்டியலில் அதற்கு எந்த இடம் கொடுத்தாலும் சரி, பெட்டியின் எண்ணையும் ரீஜன் ஏ என்பதையும் பெயருக்குக் கீழே சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சிராப்பள்ளி