நிழலில்லா நாளுக்கு ஒரு குழாய் போதும்

அன்புள்ள பாப்பா,

நேற்று ராத்திரி நீ போனில் சொன்னதிலிருந்து என் மனசு அதையே சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்குக் கோடை லீவில் ஒரு நாள் அறிவியல் நிகழ்ச்சி, வெளியிலிருந்து ஆள் வந்து நைட்ரஜன் புகை காட்டுவார்கள், டிரோன் பறக்கவிடுவார்கள், தலைக்கு இவ்வளவு ரூபாய் என்றாய். நானும் சரி சரி என்று கேட்டுக்கொண்டேன். ஆனால் முப்பது வருடம் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் நடத்தியவளுக்கு அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. பிள்ளைகள் கைதட்டுவார்கள், போட்டோ எடுப்பார்கள், சமோசா சாப்பிடுவார்கள். அந்த ஒரு நாளில் அவர்கள் கை எதைத் தொட்டது என்று கேட்டால் சமோசாவைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

இது நானே செய்த தப்பு என்பதால்தான் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பள்ளியில் ஒரு கண்காட்சி வைத்தோம். ஒரு பையன் தெர்மகோலில் இதயம் செய்து கொண்டுவந்தான், சிவப்புக் குழாய், நீலக் குழாய் எல்லாம் வைத்து அவ்வளவு அழகு, அவன் அப்பா காசு கொடுத்துக் கடையில் செய்தது. பார்க்க வந்த அதிகாரி ஒரு குழாயைத் தொட்டு, "இதுல ரத்தம் எந்தப் பக்கம் போகுது தம்பி?" என்று கேட்டார். பையன் மனப்பாடம் செய்த பத்தியை முதலிலிருந்து ஆரம்பித்தான், நடுவில் விட்டுப்போனது, திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தான், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பத்தியை எழுதிக்கொடுத்தவள் நான். அதற்கே முதல் பரிசும் கொடுத்தோம். அந்தப் பையனின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அப்புறம் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரர்களோடு பழக்கமான பிறகுதான் எனக்கு வேறு வழி தெரிந்தது. நீ சின்னப் பிள்ளையில் படித்த துளிர் என்ற சிறுவர் அறிவியல் இதழ் அவர்கள் வழியாகத்தான் நம் வீட்டுக்கு வந்தது. 1993-லிருந்து நடக்கிறதே, குழந்தைகள் அறிவியல் மாநாடு, அதற்கு ஒரு வருடம் என் பிள்ளைகள் தெருக்குழாய் சொட்டுவதைக் குடத்தில் பிடித்து, மணிக்கணக்கில் உட்கார்ந்து அளந்து, ஒரு நாளைக்கு எத்தனை குடம் வீணாகிறது என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கை எந்தப் புத்தகத்திலிருந்தும் எழுதிக்கொடுக்க முடியாது, அதனால் எவ்வளவு குறுக்குக் கேள்வி கேட்டாலும் அவர்கள் தடுமாறவில்லை.

2019 டிசம்பர் 26 வளையச் சூரிய கிரகணம் உனக்கு நினைவிருக்கும், நிலா நடுவை மறைத்து ஓரம் மட்டும் வளையமாய் மிஞ்சுமே அது, திண்டுக்கல்லில் முழு வளையம் தெரிந்தது, நீதான் லீவு கிடைக்காமல் வரமுடியவில்லை. அரையாண்டு விடுமுறை, பிள்ளைகளைப் பள்ளி வழியாகக் கூப்பிட முடியாது, பாதி வீட்டில் வெளியே விடவும் மாட்டார்கள். வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டேன். முந்தின நாளே பிள்ளைகளை வைத்துக் கருவி செய்துவிட்டோம். ஒரு பிளாஸ்டிக் பந்து, உள்ளே மணல், மேலே முகம் பார்க்கும் கண்ணாடியில் சின்னத் துண்டு, அதன்மேல் ஒரு சின்ன ஓட்டை போட்ட காகிதம், பந்து உருளாமல் உட்கார ஒரு டேப் வளையம். வெயிலில் வைத்துத் திருப்பினால் இருபது மீட்டர் தள்ளி இருட்டு அறைச் சுவரில் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாகச் சூரியன் வந்து விழும். வானத்தை அண்ணாந்து பார்க்கவே வேண்டாம், கண்ணுக்கு ஆபத்தில்லை.

ஒன்பதரை மணி வாக்கில் சுவரில் வளையம் வந்தது, எல்லாரும் கத்தினார்கள். அப்போது ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி வெளியிலிருந்து ஓடி வந்து, "டீச்சர், மரத்தடியில நூறு சூரியன் கிடக்கு" என்றாள். போய்ப் பார்த்தால் வேப்பமர நிழல் முழுக்கக் குட்டிக் குட்டி வளையம், மண்ணில், சைக்கிள் சீட்டில், அவள் பாவாடையில். இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஓர் ஊசித்துளை மாதிரி சூரியனின் பிம்பத்தைத் தரையில் விழவைக்கிறது என்று எனக்குத் தெரியும், வாய் வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். அவளே உள்ளங்கைமேல் விரல்களைக் குறுக்கே வைத்துச் சின்ன இடுக்கு பண்ணினாள். கையில் ஒரு வளையம் விழுந்தது. "ஓட்டைதான் டீச்சர் காரணம்!" என்றாள். நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லித்தரவில்லை பாப்பா. வளையம் இருந்ததே சுமார் மூன்று நிமிடம்தான், அதற்குள் அவள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

அதனால்தான் சொல்கிறேன், அந்தப் புகைக்காரர்களை விட்டுவிடு. ஏப்ரல் 24 வாக்கில் பெங்களூருக்கு நிழலில்லா நாள் வருகிறது. பகல் 12:17-க்கு, ஒரு நிமிடம் முன்பின், சூரியன் சரியாக உச்சியில் நிற்கும், நட்டுவைத்த குச்சிக்கு நிழலே இருக்காது. கடக ரேகைக்கு வடக்கே இருக்கிற டெல்லிப் பிள்ளைகளுக்கு இது ஒரு நாளும் கிடைக்காது, நமக்கு வருடத்துக்கு இரண்டு தடவை. இதில் எனக்குப் பிடித்த விஷயம் என்னவென்றால், திண்டுக்கல்லும் பெங்களூரும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன, நீ எனக்கு நேர் வடக்கே சுமார் 290 கிலோமீட்டரில் இருக்கிறாய். உன் குச்சிக்கு நிழல் இல்லாத அந்த நேரத்தில் இங்கே என் ஒரு மீட்டர் குச்சிக்குத் தெற்குப் பக்கம் நாலரை சென்டிமீட்டர் நிழல் விழும். அதாவது இங்கே சூரியன் உச்சியிலிருந்து 2.6 டிகிரி சாய்ந்திருக்கிறது, நம் இரண்டு ஊருக்கும் நடுவே பூமி வளைந்திருப்பதும் அவ்வளவுதான். 2.6 டிகிரிக்கு 290 கிலோமீட்டர் என்றால் 360-க்கு எவ்வளவு? நாற்பதாயிரம் சொச்சம் கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு! இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் எகிப்தில் எரட்டோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் போட்ட கணக்கை நீயும் நானும் இரண்டு மொட்டைமாடியில் நின்று போட்டுவிடலாம்.

சாமான் பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு மீட்டர் பிவிசி குழாய், சாக்பீஸ், அளவுகோல். பக்கத்தில் கட்டட வேலை நடந்தால் கொத்தனாரிடம் தூக்குக்குண்டும் ரசமட்டமும் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கு, குழாய் செங்குத்தாக நிற்காவிட்டால் எல்லாம் போச்சு. முடிந்தால் அந்தக் கொத்தனாரையே கூப்பிடு, செங்குத்து பார்ப்பதைப் பிள்ளைகளுக்கு அவரைப் போல யாராலும் சொல்லித்தர முடியாது. பன்னிரண்டு மணியிலிருந்து இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை நிழல் நுனியைக் குறிக்கச் சொல். நான் இங்கே ஏழெட்டுப் பிள்ளைகளை மாடியில் வைத்துக்கொள்கிறேன், வீடியோ காலில் இருப்போம்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள். நிழல் விளிம்பு மங்கலாகத்தான் இருக்கும், ஒரு பிள்ளை நாலு சென்டிமீட்டர் என்பான், இன்னொருத்தி ஐந்து என்பாள். நாலு என்றால் சுற்றளவு நாற்பத்தைந்தாயிரத்தைத் தாண்டும், ஐந்து என்றால் முப்பத்தாறாயிரத்தில் நிற்கும். யாரும் உடனே போனை எடுத்துச் சரியான விடையைத் தேட விடாதே, நீயும் சொல்லாதே. ஏன் வித்தியாசம் வந்தது என்று அவர்கள் சண்டை போடட்டும். பெரியவர்கள் நாம் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான் கஷ்டம், எனக்கே பல வருடம் ஆனது.

காவலாளி பிள்ளைகளையும் வேலைக்கு வரும் அக்காக்களின் பிள்ளைகளையும் மறக்காமல் கூப்பிடு. கட்டணம் எதுவும் வைக்காதே, சாக்பீஸை எல்லார் கையிலும் கொடு.

நம்ம ஊருக்கு நிழலில்லா நாள் ஏப்ரல் 16, 17 வாக்கிலேயே வந்துவிடும். அன்றைக்கு நான் ஒரு தடவை செய்து பார்த்துவிட்டு எங்கே தப்பு வருகிறது என்று போன் பண்ணுகிறேன். நீ அதற்குள் குழாயை வெட்டி வைத்துவிடு. உச்சி வெயில், தொப்பியும் மோரும் வேண்டும், பிள்ளைகள் மேலே சூரியனை அண்ணாந்து பார்க்காமல் கீழே தரையைப் பார்க்கும்படி கவனித்துக்கொள்.

அன்புடன்,
அம்மா