முதலாண்டை முதலாண்டோடு வைத்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நோட்டர் டேம் கல்லூரி அணியின் ஹானா ஹிடால்கோவின் முதலாம் ஆண்டான 2023-24 சீசனைப் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். அமெரிக்கப் பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்துக்கு ஒரு தமிழ்ப் பத்திரிகை அரைப் பக்கம் கொடுத்ததே எனக்குப் பெரிய சந்தோஷம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நானும் என் மகளும் பல ஆண்டுகளாக இந்த ஆட்டங்களை விடாமல் பார்க்கிறவர்கள், அவள் பள்ளி அணியில் பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை அமைப்பவள். அதனால்தான் அந்தக் கட்டுரையின் தலைப்பு எங்கள் இருவரையும் உறுத்தியது. "அடுத்த கெய்ட்லின் கிளார்க் இவர்தானா?" என்று கேட்டுவிட்டு, ஐயோவா கல்லூரி அணியின் புகழ்பெற்ற கிளார்க் எடுத்த 3,951 புள்ளிகளுக்குப் பக்கத்தில் ஹிடால்கோவின் ஒரே ஒரு சீசன் கணக்கைப் போட்டிருந்தீர்கள்.

இது நியாயமில்லை, ஐயா. 3,951 என்பது நான்கு ஆண்டுகளின் கூட்டுத்தொகை. அப்போது ஒருத்தி முதலாம் ஆண்டைத்தான் முடித்திருந்தாள், இன்னொருவர் படிப்பையே முடித்துவிட்டுக் கிளம்பினார். ஒப்பிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை, ஒப்பிட்டுப் பேசுவதுதானே நம்மைப் போன்ற ரசிகர்களுக்குப் பாதி சுகம்! ஆனால் முதலாண்டை முதலாண்டோடு வைத்துப் பாருங்கள், பாயிண்ட் கார்டைப் பாயிண்ட் கார்டோடு வைத்துப் பாருங்கள்.

சரி, அப்படியே பார்ப்போம். 2020-21 சீசனில் முதலாம் ஆண்டு மாணவியாக ஐயோவாவுக்கு ஆடிய கிளார்க் 30 ஆட்டங்களில் 799 புள்ளிகள் எடுத்தார், ஆட்டத்துக்குச் சராசரி 26.6 புள்ளி, 7.1 அசிஸ்ட் (சக வீராங்கனை கூடையில் போட வழிசெய்யும் பாஸ்). அதே ஆண்டு கனெக்டிகட்டில் அவரைப் போலவே முதலாம் ஆண்டில் இருந்த பெய்ஜ் பெக்கர்ஸ் 20 புள்ளி, 5.8 அசிஸ்ட் சராசரியோடு ஏ.பி. செய்தி நிறுவனத்தின் ஆண்டின் சிறந்த வீராங்கனை விருதை வாங்கினார், பெண்கள் ஆட்டத்தில் முதலாம் ஆண்டு மாணவி ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை. 2023-24 சீசனில் ஹிடால்கோ? ஆட்டத்துக்கு 22.6 புள்ளி, 5.5 அசிஸ்ட், 6.2 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). புள்ளியில் கிளார்க்குக்குக் கீழே, பெக்கர்ஸுக்கு மேலே, அசிஸ்டில் இருவருக்கும் கொஞ்சம் கீழே. இத்தோடு நிறுத்திக்கொண்டால் "நல்ல ஆட்டக்காரி, ஆனால் கிளார்க் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். உங்கள் கட்டுரையும் அங்கேதான் நின்றுவிட்டது.

கட்டுரையில் ஒரு வரிகூட வராத விஷயம் ஒன்று இருக்கிறது. ஹிடால்கோ எதிரணியின் கையிலிருந்து பறித்த பந்துகள். அந்த சீசனில் மொத்தம் 160 ஸ்டீல், ஆட்டத்துக்கு நாலரைக்கும் மேல். நோட்டர் டேம் வரலாற்றில் அதுவரை எந்த வீராங்கனையும் ஒரு சீசனில் இத்தனை எடுத்ததில்லை. கிளார்க்கோ பெக்கர்ஸோ தங்கள் முதலாண்டில் ஆட்டத்துக்கு மூன்று ஸ்டீலைக்கூடத் தொடவில்லை. அவர்களைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை, அவர்கள் வேறு வகை ஆட்டக்காரிகள், அவ்வளவுதான்.

ஸ்டீல் என்றால் ஏதோ அதிர்ஷ்டத்தில் கைக்கு வந்து விழுவது என்று பலர் நினைக்கிறார்கள். ஹிடால்கோ ஆடும்போது பந்தைப் பார்க்காமல் அவளை மட்டும் ஐந்து நிமிடம் பாருங்கள். கூடைக்கு அடியில், கோட்டுக்கு வெளியே நின்று எதிரணி பந்தை மைதானத்துக்குள் எறிந்த உடனேயே அவள் போய் ஒட்டிக்கொள்வாள், தன் பாதி மைதானத்துக்கு அவர்கள் வந்து சேரட்டும் என்று காத்திருக்க மாட்டாள். பந்து வைத்திருப்பவள் இவளிடமிருந்து தப்பிக்க முதுகைத் திருப்புகிற அந்த ஒரு நொடியில் கை உள்ளே போய்விடும். பந்து வேறொருத்தியிடம் இருந்தால் இன்னும் ஆபத்து, ஏனென்றால் பாஸ் கொடுப்பவளின் கண்ணையும் தோளையும் பார்த்தே பந்து எந்தப் பக்கம் வரும் என்று கண்டுபிடித்து ஒரு அடி முன்னாலேயே கிளம்பியிருப்பாள். அங்கே பறித்தால் முன்னால் யாரும் இல்லை, நேரே ஓடிப்போய்க் கூடையில் போட வேண்டியதுதான். அவளுடைய 22.6 புள்ளியில் ஒரு நல்ல பங்கு இப்படி வந்தது, அதனால் இரண்டையும் தனித்தனிக் கணக்காகப் பார்க்கவே முடியாது. நோட்டர் டேம் ஆடும் ஏ.சி.சி. பிரிவில் ஆண்டின் சிறந்த புதுமுகம், ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரி என்ற இரண்டு விருதும் ஒரே ஆண்டில் அவளுக்குப் போனதற்குக் காரணம் இதுதான்.

எனவே அவளுக்கு ஒப்பு தேடினால் நான் ஐயோவாவுக்குப் போக மாட்டேன், முப்பத்தைந்து ஆண்டுகள் பின்னால் வர்ஜீனியாவுக்குப் போவேன். டான் ஸ்டேலி. இன்று தென் கரோலினாவின் கோச்சாக மட்டுமே அவரைத் தெரிந்தவர்கள், 1988 முதல் 1992 வரை அவர் ஆடிய ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். உயரம் 5 அடி 6 அங்குலம், ஹிடால்கோவும் அதே உயரம். ஸ்டேலி ஃபிலடெல்ஃபியாக்காரர், ஹிடால்கோ வளர்ந்தது டெலவேர் ஆற்றுக்கு இந்தப் பக்கம், எங்கள் நியூஜெர்சியில். ஸ்டேலி வர்ஜீனியாவைத் தேசியப் பட்டப் போட்டியில் மூன்று முறை கடைசி நான்கு அணிகளுக்குள் கொண்டுபோனார், நான்கு ஆண்டில் 454 ஸ்டீல் எடுத்தார். 1991 இறுதி ஆட்டத்தில் டென்னசியிடம் கூடுதல் நேரத்தில் 70-67 என்று தோற்றும் தொடரின் சிறந்த வீராங்கனை விருது அவருக்குத்தான் போனது. தோற்ற அணிக்காரிக்கு அந்த விருதைக் கொடுக்கிறார்கள் என்றால் எப்படி ஆடியிருப்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அவரும் எதிரணி கார்டைப் பந்தோடு நிம்மதியாக நடக்க விடாதவர்.

ஹிடால்கோவின் முதல் கல்லூரி ஆட்டமே அந்த ஸ்டேலியின் அணிக்கு எதிராகத்தான் அமைந்தது. 2023 நவம்பர் 6, பாரிஸ். பள்ளியை முடித்து ஆறு மாதம்கூட ஆகாத பெண், எதிரே நிற்பதோ பின்னால் 38 ஆட்டத்தில் ஒன்றுகூடத் தோற்காமல் தேசியப் பட்டம் வாங்கப்போகிற அணி. நோட்டர் டேம் 100-71 என்று படுதோல்வி அடைந்தது, ஆனால் ஹிடால்கோ மட்டும் 31 புள்ளி. என் மகள் அன்றைக்கே இவள் பெயரை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டாள்.

அப்புறம் 2024 ஜனவரி 27. கனெக்டிகட்டின் சொந்த மைதானம், எதிரே பெக்கர்ஸ். நோட்டர் டேம் 82-67 என்று ஜெயித்தது, ஹிடால்கோ 34 புள்ளி. சீசன் முடிவில் ஏ.பி. அறிவித்த அகில அமெரிக்க முதல் அணியில் (நாட்டின் சிறந்த ஐவர் பட்டியல்) கிளார்க், பெக்கர்ஸ், கேமரன் பிரிங்க் ஆகியோரோடு இரண்டு முதலாம் ஆண்டு மாணவிகள் இருந்தார்கள், ஒருத்தி ஹிடால்கோ, இன்னொருத்தி தென் கலிஃபோர்னியாவின் ஜூஜூ வாட்கின்ஸ். வாட்கின்ஸ் 920 புள்ளி எடுத்து, 1983-84இல் சான் டியேகோ ஸ்டேட்டின் டீனா ஹட்சின்சன் எடுத்த 898ஐத் தாண்டினாள், நாற்பது ஆண்டு நின்ற சாதனை அது. முதலாம் ஆண்டில் புள்ளி குவித்தவர் யார் என்று கேட்டால் பதில் வாட்கின்ஸ்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவள் ஆறடிக்கு மேல் உயரமான, புள்ளி எடுப்பதையே முதல் வேலையாகக் கொண்ட கார்டு. பந்தை மேலே கொண்டுவந்து, ஆட்டத்தை அமைத்து, எதிரணியின் பந்தாளுநரையும் அடக்குகிற வேலை வேறு.

எதிர்வாதம் எனக்கும் தெரியும். நோட்டர் டேமின் வழக்கமான பாயிண்ட் கார்டு ஒலிவியா மைல்ஸ் 2023 பிப்ரவரியில் முழங்காலில் அடிபட்டு 2023-24 சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்திருந்தாள், அதனால் பந்து முழுவதும் ஹிடால்கோ கையில் இருந்தது, எண்கள் கூடின என்பார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். கொரோனா ஆண்டுக்காக எல்லாருக்கும் ஒரு சீசன் கூடுதலாகக் கொடுத்ததால் ஹிடால்கோ எதிர்கொண்டவர்களில் ஐந்தாம் ஆண்டு ஆடும் பெண்கள் நிறைய பேர். மூன்று புள்ளிக் கோட்டை 2021-22இல் கூடையிலிருந்து 22 அடிக்கு மேல் தள்ளிவைத்தார்கள், கிளார்க்கும் பெக்கர்ஸும் முதலாண்டில் எறிந்தது அதைவிட ஒன்றேகால் அடிக்கு மேல் கிட்டத்திலிருந்து. இவற்றையெல்லாம் கணக்கில் எடுக்காமல் எண்ணை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் என்ன தெரியும்?

இன்னும் பின்னால் போனால் கணக்கே வேறு. எழுபதுகளில் ஓல்ட் டொமினியனுக்கு ஆடி 1979, 1980 என்று அடுத்தடுத்துப் பட்டம் வாங்கிய நான்சி லீபர்மேன் காலத்தில் பெண்களுக்கு மூன்று புள்ளிக் கோடே கிடையாது. அப்போது பெண்கள் ஆட்டத்தை நடத்தியது ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்ற வேறு சங்கம், இன்று கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. சங்கம் பெண்களுக்குத் தனியாகப் பட்டப் போட்டி நடத்த ஆரம்பித்ததே 1981-82இல்தான், அதற்கு முந்தைய புள்ளிகள் அவர்கள் சாதனை ஏட்டில் சேருவதில்லை. "வரலாற்றிலேயே" என்ற சொல்லைப் போடும்போது இந்தப் பெண்களை மறந்துவிடாதீர்கள்.

மூக்குத்தி விஷயத்தை எழுதாமல் இருக்க என்னால் முடியாது. 2024 மார்ச் 29, ஆல்பனி, ஓரிகன் ஸ்டேட்டுக்கு எதிராக என்.சி.ஏ.ஏ. தொடரின் கடைசி பதினாறு சுற்று. நகை அணிந்து ஆடக்கூடாது என்ற விதியைக் காட்டி, ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே இரண்டாம் கால்பகுதியில் மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார்கள் நடுவர்கள். சீசன் முழுக்கப் போட்டுக்கொண்டு ஆடிய மூக்குத்தி. அதைக் கழற்றப் போராடிய சில நிமிடங்கள் அவள் பெஞ்சில் இருந்தாள். மூக்குத்தியை அவசரத்தில் கழற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று நம் வீட்டுப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். அன்றைக்கு 17 முறை எறிந்து நான்குதான் உள்ளே போனது, வெறும் 10 புள்ளி, நோட்டர் டேம் 70-65 என்று தோற்று வெளியேறியது. மூக்குத்தியால்தான் தோற்றார்கள் என்று சொல்ல மாட்டேன், ஓரிகன் ஸ்டேட் நன்றாகவே ஆடியது. விதி விதிதான். ஆனால் அதை ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே சொல்லியிருக்கலாம். உங்கள் கட்டுரை "பெரிய ஆட்டத்தில் சொதப்பினார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டது, அது எனக்கு வருத்தமாக இருந்தது.

முதலாண்டை வைத்து நான்காம் ஆண்டைச் சொல்லிவிட முடியுமா என்றால், என்னால் முடியாது. சூ பேர்ட் கனெக்டிகட்டில் சேர்ந்த ஆண்டு எட்டே ஆட்டம், முழங்கால் தசைநார் கிழிந்து உட்கார்ந்துவிட்டார். அந்த எட்டு ஆட்டத்தை வைத்து எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பீர்கள்? 2000இலும் 2002இலும் பட்டம், 2002இல் 39 ஆட்டத்தில் 39 வெற்றி, பிறகு ஐந்து ஒலிம்பிக் தங்கம். ஓரிகனின் சப்ரினா யோனெஸ்கு முதலாண்டில் எடுத்த சராசரி 14.6 புள்ளி, பார்வைக்கு நடுத்தரம். ஆனால் அந்த ஆண்டே நான்கு டிரிபிள் டபுள் (ஒரே ஆட்டத்தில் மூன்று கணக்கில் இரட்டை இலக்கம்) எடுத்தார், முடிக்கும்போது 26 ஆனது. புள்ளிப் பட்டியலை மட்டும் பார்த்தவர்களுக்கு அது அப்போது தெரிந்திருக்காது. நோட்டர் டேமிலேயே ஸ்கைலர் டிக்கின்ஸின் முதலாண்டு 13.8 புள்ளிதான், அதற்குப் பின் மூன்று ஆண்டும் தொடர்ந்து கடைசி நான்கில் நின்றார்கள். நேர் எதிராக, முதலாண்டிலேயே உச்சியில் இருந்த பெக்கர்ஸுக்கு அடுத்த இரண்டு ஆண்டும் காயம், 2022-23 முழுக்க ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

ஹிடால்கோவுக்கு நல்ல வாய்ப்பு என்று நான் நினைப்பது அவளுடைய கோச். நியெல் ஐவி 2001இல் நோட்டர் டேம் பட்டம் வாங்கியபோது அந்த அணியின் பாயிண்ட் கார்டு. ஒரு முதலாண்டுப் பெண் பந்தைத் தொலைக்கும்போதெல்லாம் பெஞ்சுக்கு இழுக்காமல் விட்டுப்பிடிக்கத் தெரிந்தவர் அவர்.

2024-25 சீசனில் மைல்ஸ் திரும்பி வந்தாள். பாஸ் கொடுப்பதில் அவள் தனி ரகம், 2022இல் என்.சி.ஏ.ஏ. தொடரில் டிரிபிள் டபுள் எடுத்த முதல் முதலாண்டு ஆட்டக்காரி, ஆண்களையும் சேர்த்தே. இருவரும் சேர்ந்து ஆடினால் ஹிடால்கோவின் அசிஸ்ட் குறைவது இயல்பு, புள்ளியும் குறையலாம். அதைப் பார்த்து "சரிவு" என்று தலைப்புப் போட்டுவிடாதீர்கள், உங்கள் பக்கத்தை நம்பிப் படிக்கிறவள் கேட்கிறேன். அடுத்த முறை பட்டியல் போடும்போது புள்ளி, அசிஸ்ட், ரீபவுண்டுக்குப் பக்கத்தில் ஸ்டீலுக்கும் ஒரு கட்டம் போடுங்கள். டான் ஸ்டேலியின் பெயரையும் ஒரு வரிசையில் சேருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
நியூஜெர்சி