'ரெப்யூட்டட்' என்றால் புகழ்பெற்றவரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வெளிநாட்டுச் செய்தி ஒன்றில், கைதான அமெரிக்கர் ஒருவரை 'புகழ்பெற்ற மாஃபியா தலைவர்' என்று எழுதியிருந்தீர்கள். மூலச் செய்தியில் 'ரெப்யூட்டட்' (reputed) என்ற ஆங்கிலச் சொல் இருந்திருக்க வேண்டும். அந்நாட்டுப் பத்திரிகைகள் இத்தகைய இடத்தில் வழக்கமாகப் போடும் சொல் அது. அதற்கு அங்கே புகழ் என்று பொருள் இல்லை. 'தலைவர் என்று சொல்லப்படுபவர்' என்றுதான் பொருள்.

இதைச் சின்ன விஷயம் என்று விட முடியாது. நியூயார்க்கின் ஜான் காட்டியை காம்பினோ என்ற மாஃபியா கும்பலின் தலைவர் என்று ஊரே சொன்னது. ஆனால் அவர் 1987-இலும் 1990-இலும் வழக்குகளில் விடுதலையானார். 1992-இல்தான் கொலை உள்ளிட்ட குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றார். அதுவரை நிருபர்களுக்குக் கைகொடுத்த சொற்களில் இதுவும் ஒன்று. ஊர் சொல்வதை எழுதலாம், நாமே தீர்ப்புச் சொன்னதாகவும் ஆகாது. 'புகழ்பெற்ற' என்று மாற்றிவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. குற்றம் நிரூபணமாகாத ஒருவரை நாமே தலைவராக்கிவிடுகிறோம்.

சட்டத்திலும் இதே பொருள்தான். 1909-ஆம் ஆண்டின் பிரசிடென்சி நகரங்கள் திவால் சட்டத்தில் 'ரெப்யூட்டட் ஓனர்' என்று வரும். உண்மையான உரிமையாளர் வேறொருவர். அவர் சம்மதத்தோடு சரக்கைத் தன் வசம் வைத்துத் தொழில் செய்பவரைப் பார்ப்பவர்கள் உரிமையாளர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர்தான் ரெப்யூட்டட் ஓனர். பிரிட்டனில் முன்பு பாட்டில் அளவிலும் இந்தச் சொல் இருந்தது. குவார்ட் என்பது கால் கேலன். முழு குவார்ட் சுமார் 1,136 மில்லி, 'ரெப்யூட்டட் குவார்ட்' சுமார் 758 மில்லிதான்! பேருக்குத்தான் குவார்ட்.

சரி, நம் ஊர் விளம்பரங்களில் வரும் 'ரெப்யூட்டட் கம்பெனி' தவறா? தவறு என்று நான் சொல்லமாட்டேன். நற்பெயர் பெற்ற என்ற பொருளையும் அகராதிகள் தருகின்றன. இந்திய ஆங்கிலத்தில் அது நன்றாக வேரூன்றிவிட்டது. நமக்குள் எழுதிக்கொள்ளும்வரை குழப்பமில்லை. ஆனால் வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் 'ரெப்யூட்டட் கல்லூரியில் படித்தேன்' என்று எழுதினால், படிப்பவருக்கு 'கல்லூரி என்று சொல்லிக்கொள்ளும் ஏதோ ஓரிடம்' என்று தோன்றலாம். நற்பெயர் பெற்ற என்று மட்டுமே பொருள்படும் 'ரெப்யூட்டபிள்' (reputable) என்று எழுதினால் அந்தச் சந்தேகம் வராது. கல்லூரியின் பெயரையே எழுதிவிடுவது இன்னும் நல்லது.

மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தமிழில் வழி இல்லாமல் இல்லை. 'எனக் கருதப்படும்', 'என்று பேசப்படும்' என்றெல்லாம் எழுதலாம். பேச்சில் 'அவர்தான் தலைவராம்' என்று ஓர் 'ஆம்' சேர்த்தாலே முடிந்தது. குற்றச் செய்திகளிலாவது இந்தச் சொல் வரும்போது 'புகழ்பெற்ற', 'பிரபல' இரண்டையும் தவிர்க்கும்படி ஆசிரியர் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். சென்ற இதழின் செய்திக்கு ஒரு திருத்தமும் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
கும்பகோணம்