மார்கழி வயலின் நிறம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு மலரில் வெளியான, ரஷ்ய ஓவியர் வசீலி பொலேனவ் 1891-இல் தீட்டிய முதற்பனி ஓவியத்தைக் கண்டு மகிழ்ந்தேன். ஓகா ஆறு இன்னும் உறையாமல் வளைந்தோட, கரையில் மெல்லிய பனி படிந்திருக்கும் அந்தப் பருவமாற்றத்தை, மிகையின்றி உள்ளது உள்ளபடி அவர் காட்டியிருப்பதே அதன் சிறப்பு.

நம் டெல்டாவிலும் மார்கழி பிறக்கையில், பருவமழை ஓய்ந்து, கதிர் தள்ளும் சம்பா வயல்மீது விடியலில் மூடுபனி கவிந்திருக்க, வரப்பு அருகம்புல்லின் நுனிதோறும் நீர்த்துளி நிற்கும். அவ்வேளையில் பயிரின் பச்சை சாம்பல் பூத்தாற்போல் தெரியும். நாட்காட்டிப் படங்களிலோ எப்போதும் ஒரே பளபளப்புப் பச்சைதான். இது எனக்குப் பெரும் மனக்குறை. கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரி மாணவர்கள் வயலோரம் அமர்ந்து தீட்டும் மார்கழிக் காட்சிகளைத் தாங்கள் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருவையாறு.